பின்கொசுவம் கட்டி அலுவலகத்துக்கு

திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் இருக்கையில் உட்கார்ந்தால் கோப்புகள், கணினி, வாடிக்கையாளர்கள், நடுநடுவே மாடிக்கும் கீழுக்குமாக அலைச்சல். இந்த வேலைக்கு நான் பெரும்பாலும் உடுத்திப் போவது நூறாண்டுக்கு முந்தைய உடையை ஒட்டியது: கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் கைத்தறிப் பருத்திச் சேலை, மடிப்புகளை முன்னால் செருகாமல் முதுகுப் பக்கம் செருகும் பின்கொசுவம், கழுத்தை மூடி முழங்கை வரை வரும் ரவிக்கை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அந்தக் காலத்தில் ஒரே பெண்ணிடம் இவை அத்தனையும் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ரவிக்கை ஓரிடத்திலிருந்தும் கட்டு வேறோரிடத்திலிருந்தும் வந்தவை. என் வேலைக்கு எது உதவுகிறதோ அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

“இதைக் கட்டிக்கொண்டு எப்படி வேலை செய்கிறீர்கள்?” என்று பலர் கேட்கிறார்கள். அந்த உடையில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் என் பதில். 1911இல், பின்னாளில் கல்வியாளராக அறியப்பட்ட சகோதரி சுப்புலட்சுமி சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் வாங்கினார். 1914இல் இன்றைய ராணி மேரி கல்லூரி தொடங்கியது. ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் மருத்துவர்களாகவும் சம்பளத்துக்கு வெளியே போன அந்தத் தலைமுறைக்கு, காலையில் கட்டிய சேலை மாலை வரை கலையாமல் நிற்க வேண்டியிருந்தது. கரும்பலகையில் எழுதக் கை உயர வேண்டும், நோயாளியைத் தூக்கக் குனிய வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும், பார்ப்பவர் மரியாதை குறையாமல் பார்க்கவும் வேண்டும். என் தேவையும் அதேதான். பழைய உடையைத் தினசரி வாழ்வுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் அரசவை ஓவியங்களையும் கல்யாணப் பட்டுகளையும் ஓரமாக வைத்துவிட்டு, வேலைக்குப் போனவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று தேடினால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தேடுவதற்குப் புகைப்படங்களே நல்ல வழி. ஆனால் எல்லாப் புகைப்படமும் ஒன்றல்ல. ஸ்டூடியோவில் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படத்தில் இருப்பது பெட்டியிலிருந்து அன்று எடுத்த சேலை, நகையும் அப்படியே. நான் நம்புவது குழுப் படங்களை. பள்ளி ஆண்டு விழா, ஆசிரியப் பயிற்சி வகுப்பு, மருத்துவமனை ஊழியர்கள் என்று வரிசையாக நிற்கும் படங்களில் பத்துப் பதினைந்து பெண்களை ஒரே நேரத்தில் பார்க்கலாம். கை நீளம் எல்லோருக்கும் ஒன்றா, முந்தானையை எங்கே செருகியிருக்கிறார்கள், தோளில் ப்ரூச் இருக்கிறதா, காலில் செருப்பு இருக்கிறதா என்று ஒப்பிடலாம். பழைய பள்ளிகளின் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் படங்களை நிதானமாகப் பார்த்திருக்கிறேன். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்து அச்சுப் பொருள்கள் ஏராளமாக உள்ளன. விளம்பரப் படங்களில்கூட ரவிக்கையின் வெட்டு தெரியும்.

நிறத்தை மட்டும் அந்தப் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த புகைப்படத் தகடுகளுக்கும் சுருள்களுக்கும் சிவப்பு ஒளி உறைக்காது. அரக்குச் சேலை படத்தில் கறுப்பாக விழும்; நீலம் வெளுத்துத் தெரியும். கறுப்புச் சேலையும் வெள்ளை ரவிக்கையும் என்று நாம் நினைப்பது உண்மையில் அரக்கும் இளநீலமுமாக இருந்திருக்கலாம். இது தெரிந்த பிறகுதான் துணிக்கடையில் எனக்குத் தைரியம் வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம் என்று மனம் போல எடுக்கிறேன்.

முழு உடையிலும் நேரமும் பணமும் அதிகம் கேட்பது ரவிக்கைதான். சேலையைக் கடையில் வாங்கிவிடலாம், ரவிக்கையை உருவாக்க வேண்டும். இன்றைய ரவிக்கை உடம்பைப் பிடித்து நிற்கும்படி வெட்டப்படுகிறது: அகன்ற கழுத்து, இறங்கிய முதுகு, குட்டைக் கை, இறுக்கமான கைக்குழி. 1910, 20களின் படங்களில் காணும் ரவிக்கை இதற்கு நேர் எதிர். தளர்ந்த உடல், மூடிய கழுத்து, தோளில் சுருக்கம் வைத்த கை. விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் பெண்களின் சட்டையிலிருந்து வந்த பாணி இது. ஆனால் நம் ஊர்த் தையல்காரர்கள் அதை நம் வெயிலுக்கும் சேலைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

தையல்காரரிடம் படத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதாது. அவருடைய கை பழகிய வழியில்தான் போகும். கடைசியில் பஃப் வைத்த இன்றைய ரவிக்கை கிடைக்கும். முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துத் தரச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் எழுதிப் பாருங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக் கொடுங்கள். என் தையல்காரர் முதலில் தயங்கினார். “அம்மா, இவ்வளவு லூஸ் வைத்தால் என் கடையில் தைத்தது என்று வெளியே சொல்லாதீர்கள்” என்றார். மாதிரியைப் போட்டுக் கையைத் தூக்கிக் காட்டியதும் அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. கக்கத்தில் சிறு சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கும் பழைய முறையைத் தன் அப்பாவிடம் பார்த்ததாகச் சொல்லி அவரே அதைச் சேர்த்தார். அந்தத் துண்டு செய்யும் வேலை பெரிது. ரவிக்கையின் அடிவிளிம்பு மேலே ஏறாமல் கை முழுவதும் உயர்கிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்று வருபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் அளவுகளில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறேன். மார்புச் சுற்றளவுக்கு மேல் மூன்று அங்குலத் தளர்ச்சி. கை முழங்கையைத் தொட்டு நிற்கும், விளிம்பில் மெல்லிய பட்டை. கையின் மேற்பகுதியில் இரண்டரை அங்குலம் அதிகத் துணி வைத்து, அதைத் தோள் உச்சியில் மட்டும் சுருக்க வேண்டும். சுற்றிலும் சுருக்கினால் நாடக உடை போலாகிவிடும். கழுத்துப்பட்டை முக்கால் அங்குலம். அதற்கு மேல் போனால் வியர்வையில் உரசும். நீளம் இடுப்பில் சேலை செருகும் இடத்துக்குக் கீழே இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும். முன்பக்கம் பட்டன், அதை மூடி ஒரு பட்டை. லைனிங் உடலுக்கு மட்டும் போதும். கைக்கு வேண்டாம், காற்று உள்ளே போகட்டும். சேலையோடு வரும் எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டில் இது ஆகாது. தனியாக ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். கோடைக்கு மல் துணி. உள்ளே தெரியக் கூடாது என்றால் டூ பை டூ ரூபியா. தையல்கூலி வழக்கமான ரவிக்கையைவிட இரு மடங்கு ஆகும். ஆனால் வெள்ளை, கறுப்பு, அரக்கு என்று மூன்று நிறத்தில் தைத்துக்கொண்டால் எல்லாச் சேலைக்கும் அதுவே போதும். சேலைக்குச் சேலை பொருத்தமான ரவிக்கை என்பது பின்னால் வந்த வழக்கம்; அதை விட்டதில் அலமாரியும் இலேசானது.

ரவிக்கையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. மேலாடை அணியும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் இங்கே இருக்கவில்லை. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்களும் அவர்களைப் போல் ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மார்பை மறைப்பதற்கே பல ஆண்டுகள் போராடினார்கள். ரவிக்கை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிக்கப்பட்டன. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசர் நாடார் பெண்களுக்கு அனுமதி அளித்தார். அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறுபுறம், செட்டிநாட்டிலும் கொங்கிலும் ரவிக்கையே இல்லாமல் சேலையை மார்பில் சுற்றிக் கட்டும் வழக்கம் வசதியான வீடுகளிலும் இருந்தது. ஒரே துணி ஓரிடத்தில் வழக்கம், இன்னோரிடத்தில் உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை. பழைய உடையை அழகுக்காக எடுத்து உடுத்துகிறவர்கள் இதைத் தெரிந்து உடுத்த வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மடிசாரை நான் அலுவலகத்துக்குத் தேர்ந்தெடுக்காததற்கும் காரணம் இதுதான். கட்டு அழகானது, நடக்க வசதியானது. ஆனால் பார்த்தவுடன் சாதியைச் சொல்லும் உடையில் பொதுமக்கள் முன் உட்கார நான் விரும்பவில்லை. பின்கொசுவம் பல சமூகத்துப் பெண்களும், வயலில் நின்றவர்களும் வீட்டில் இருந்தவர்களும் கட்டியது.

சேலைக்கு எனக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. உறையூர் பக்கத்திலேயே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு ஒன்று ‘அர்காரு’ என்னும் ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ஊரின் பருத்திச் சேலை மெலிது, கோடைக்கு உகந்தது. பின்கொசுவத்துக்கு ஏற்றது காரைக்குடிக் கண்டாங்கி. கனத்த நூல், கட்டங்கள், அகன்ற கரை. மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அடர்ந்த நிறங்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடியும் என்னிடம் உண்டு, அதைச் சனிக்கிழமைகளுக்கு வைத்திருக்கிறேன். கைத்தறிதானா என்று பார்க்க, சேலையின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் தடங்கள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் நிதானமாக விரித்துப் பார்க்க விடுவார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் அப்படித்தான். ஃபால்ஸ் தைக்காதீர்கள். கொசுவம் பின்னால் போகும்போது அது கனத்துத் தொங்கி, மடிப்பைக் கெடுக்கும்.

பின்கொசுவம் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். நான் அலுவலகத்துக்குக் கட்டும் விதம் இது. பருத்தி உள்பாவாடையின் நாடாவை இறுக்கிக் கட்டுகிறேன். சேலையின் உள்முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டரை மடித்துக் கொசுவமாக்கி, முதுகுத்தண்டுக்கு நேராக இடுப்பில் செருகுகிறேன். மீதித் துணி இடுப்பைச் சுற்றி வந்து அந்தக் கொசுவத்தை அழுத்திப் பிடிக்கும். கொசுவத்தின் தலையை வெளிப்பக்கம் மடித்து விசிறியாக விரித்துவிட்டால் இன்னும் உறுதி. பிறகு மார்பைச் சுற்றி இடது தோளில் ஏற்றி, முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகிவிட வேண்டும். இன்றைய சேலைகள் அகலம் கூடியவை. கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டுமென்றால் இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துவிட்டுக் கட்டத் தொடங்குங்கள்.

இந்தக் கட்டில் முன்பக்கம் கால் தடுக்காது. மாடிப்படி ஏறும்போது சேலையைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, இரண்டு கையிலும் கோப்பு இருக்கலாம். முந்தானை செருகியிருப்பதால் அச்சு இயந்திரத்தின் மேல் குனியும்போது சரியாது. நாற்காலிதான் கவனம் கேட்கும். கொசுவம் கனமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் முடிச்சு வைத்தது போல் உறுத்தும். ஏழு மடிப்புக்கு மேல் வேண்டாம், மடிப்புகளை அகலமாக எடுங்கள். உட்காரும்போது பாவாடையை ஒதுக்குவது போல் கொசுவத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் மாலை வரை மடிப்பு நசுங்காது. ஸ்கூட்டர் ஓட்டும்போது கொசுவம் நமக்கு அடியிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் பின்னிருக்கையில் போகிறவர்கள் கொசுவத்தின் நுனியைத் தூக்கி இடுப்பில் செருகாமல் ஏறக் கூடாது. சக்கரத்தில் துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கொசுவத்தின் தலையை விசிறியாக விரிக்கும் நுட்பத்தை எனக்குத் திருத்திக் கொடுத்தவர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி. முதிர்வுத் தொகைக்குக் கையெழுத்துப் போட மகனோடு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “யார் கட்டிவிட்டது கண்ணு? நன்றாக இருக்கிறது. ஆனால் தலையை உள்ளே திணித்திருக்கிறாய், அது மதியத்துக்குள் நழுவிவிடும். இங்கே வா” என்று ஓய்வறைக்கு அழைத்துப் போய்ப் பிரித்துக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே, “எங்கள் காலத்தில் ஊக்கும் கிடையாது ஒன்றும் கிடையாது, நெல் அவித்துக் கொட்டினாலும் இந்தக் கட்டு நிற்கும்” என்றார். அன்று மாலை வரை உண்மையிலேயே அசையவில்லை. உங்கள் ஊரில் பின்கொசுவம் கட்டிய மூதாட்டி யாராவது இருந்தால், காணொளி பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் போங்கள்.

சுருக்குப்பையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வெற்றிலை பாக்கும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகிக்கொண்ட பைதான். ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் சற்றுப் பெரிதாகத் தைத்து, உள்ளே இரண்டு அறை வைத்திருக்கிறேன். ஒன்றில் கைபேசி, இன்னொன்றில் வண்டிச் சாவியும் பணமும். நாடாவைப் பாவாடை நாடாவோடு முடிந்து வலது இடுப்பில் தொங்கவிட்டால் கைப்பை தேவையே இல்லை. அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் இந்த நாடாவிலேயே மாட்டிக்கொள்ள மேலாளரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார்.

மற்றவை சிறு விஷயங்கள். தாழ்ந்த கொண்டை, கொண்டை ஊசி. சிறிய தோடு, ஒரு தோல்வார்க் கைக்கடிகாரம். சாதாரணத் தோல் செருப்பு. தோளில் ப்ரூச் குத்தினால் அடியில் சிறு துணித்துண்டு வைத்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் மெல்லிய பருத்தி கிழிந்துவிடும். தளர்ந்த ரவிக்கைக்கு உள்ளே பருத்திப் பாடியே போதுமானது.

அலுவலகத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போக வேண்டாம். நான் முதலில் வழக்கமான கட்டோடு புதிய ரவிக்கையை மட்டும் போட்டுப் போனேன். அது எல்லோர் கண்ணுக்கும் பழகிய பிறகு சேலை கணுக்காலுக்கு மேலே ஏறியது. அதன் பிறகு பின்கொசுவம். படிப்படியாகப் போனதால் ஒவ்வொரு மாற்றமும் என் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்றும் தெரிந்தது. வாடிக்கையாளர்களில் வயதானவர்கள் என் மேசைக்கு வந்தால் முன்பைவிடத் தளர்வாகப் பேசுகிறார்கள். பாலிசி விதிகளை இரண்டாவது முறை கேட்கக் கூச்சப்படுவதில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை, மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

வெள்ளை உடுத்துவதில் மட்டும் சிலருக்குத் தயக்கம் இருக்கும். கதர் இயக்கத்தில் இறங்கிய பெண்கள் வெள்ளையை விரும்பி உடுத்தினார்கள் என்றாலும், நம் வீடுகளில் அந்த நிறத்துக்கு வேறு பொருளும் நீண்ட காலம் இருந்தது. சிவப்போ பச்சையோ அழுத்தமான கரை போட்ட சேலையாக எடுத்தால் பெரியவர்கள் மனமும் கோணாது.

பராமரிப்புதான் இந்த உடையின் தினசரி வேலை. அடர்நிறக் கண்டாங்கியை முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், சாயம் இறங்கும். நிழலில் உலர்த்துங்கள். சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி நீர் சேர்த்துப் போடுகிறேன். கொசுவம் வரும் உள்முனைப் பக்கத்தைக் கெட்டிக் கஞ்சியில் நனைத்து, முந்தானைப் பக்கத்துக்கு வெறும் நீர்த்த கஞ்சி. அப்போதுதான் பின்னால் மடிப்பு விறைப்பாக நிற்கும், தோளில் துணி மென்மையாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கஞ்சி போட்ட சேலை நனைந்தால் பிசுபிசுக்கும், ஈரம் காயாமல் மடித்து வைத்தால் வாடையும் பூசணமும் பிடிக்கும். அந்த இரண்டு மாதம் கஞ்சியே வேண்டாம். கண்டாங்கியை எடுத்து வைத்துவிட்டு, சீக்கிரம் உலரும் உறையூர்ச் சேலையை இன்னும் இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள்.